படைத்தவன் முகத்தில் வைத்த காவல்

1921ஆம் ஆண்டின் இறுதி. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், சளி பிடித்த ஒருவரின் மூக்குநீரைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் இட்டு வளர்த்துப் பார்த்தார். சில நாட்களில் தட்டெங்கும் மஞ்சள் நிறத்தில் பாக்டீரியாக்கள் முளைத்துப் பரவின. மூக்குநீர் பட்ட இடத்தை மட்டும் அவை நெருங்கவில்லை. அதன் ஓரமாக முளைத்தவையும் நிறம் இழந்து கரைந்து கொண்டிருந்தன. நாம் அருவருப்போடு சிந்தித் துடைத்தெறிகிற அந்த நீருக்குள் பாக்டீரியாவின் சுவரையே உடைக்கும் நொதி ஒன்று இருந்தது. மறு ஆண்டு அதை உலகுக்கு அறிவித்து, லைசோசைம் என்று பெயரிட்டார். பெனிசிலின் அவர் கண்ணில் பட்டது அதற்கும் ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்.

முகக்கவசத்தைப் பற்றிய கட்டுரை மூக்குநீரில் தொடங்குவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். காற்றில் வரும் கிருமியைத் தடுக்க மேலும் நல்ல கவசம் செய்ய முயன்ற அறிஞர்கள் எந்தத் திசையில் புறப்பட்டாலும் சுற்றி வந்து நிற்கும் இடம் இதுதான். அவர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த உத்திகள் ஏற்கெனவே ஏதோ ஓர் உயிரின் உடம்பில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஒரு நாளைக்கு நாம் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். தூசு, மகரந்தம், பூஞ்சை வித்து, அடுப்புக்கரி, பக்கத்தில் நிற்பவர் பேசும்போது தெறித்த ஈரம் எல்லாம் அதில் கலந்து வருகின்றன. நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றறைகளில் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் உயிர்வளி இரத்தத்துக்குள் இறங்கும். அவ்வளவு மெல்லியதை உள்ளே வைத்தவன், வாசலைத் திறந்துபோட்டுவிட்டுப் போகவில்லை.

நாசித் துளைக்கு மேலே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஆழத்தில், இரு பக்கமும் மும்மூன்றாகச் சுருண்ட எலும்பு மடிப்புகள் தொங்குகின்றன. அவற்றின்மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய சதை போர்த்தியிருக்கிறது. காற்றுக்கு விட்டிருக்கும் வழி சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சந்துதான். வந்த காற்று மடிப்பில் மோதுகிறது, பிரிகிறது, வளைகிறது, தொண்டைக்கு இறங்குமிடத்தில் மறுபடியும் சட்டென்று திரும்புகிறது. காற்று எளிதாகத் திரும்பிவிடும். கனமான துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. நேராகப் போய் ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி மூக்கிலேயே நின்றுவிடுகின்றன. இந்தச் சந்தைக் கடக்கக் காற்று எடுத்துக்கொள்வது அரை நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் மார்கழிக் குளிர்காற்றும் உடலின் வெதுவெதுப்பையும் ஈரத்தையும் பெருமளவு ஏற்றுக்கொண்டுவிடுகிறது. வடிகட்டுவது, சூடேற்றுவது, ஈரமாக்குவது என்று மூன்று வேலைகளையும் ஒரே மடிப்பு செய்கிறது.

சுவரில் ஒட்டிய அழுக்கு அங்கேயே தங்கிவிட்டால் சில நாட்களில் மூக்கு அடைபட்டுப்போகும். தங்க விடாதபடி அந்தச் சுவர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுவரின் மேல் இரண்டு அடுக்குகளாகத் திரவம் படர்ந்திருக்கிறது. கீழே நீர்த்த அடுக்கு, மேலே பிசுபிசுப்பான சளி அடுக்கு. கீழ் அடுக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் நின்று, நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் வீசுகின்றன. முன்னோக்கி வீசும்போது மயிர் விறைத்து நிமிர்ந்து, அதன் நுனி மட்டும் சளியைத் தொட்டுத் தள்ளுகிறது. திரும்பி வரும்போது உடம்பைத் தாழ்த்தி, சளியைத் தொடாமல் நீர்த்த அடுக்குக்குள்ளேயே வளைந்து வருகிறது. நிமிர்ந்தபடியே திரும்பியிருந்தால் தள்ளிய தூரத்தை மறுபடி இழுத்துக்கொண்டு வந்திருக்கும். இந்த ஒரு நுணுக்கத்தை முதன்முதலில் படித்த அன்று, மேற்கொண்டு படிக்க மனமில்லாமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடத்துக்கு ஆறு மில்லிமீட்டர் அளவில் சளிப்படலம் தொண்டையை நோக்கி நகர்கிறது. பத்திருபது நிமிடங்களில் பழைய படலம் போய்ப் புதியது வந்துவிடும். நாம் அறியாமல் விழுங்கும் பழைய படலத்தை வயிற்றின் அமிலம் கவனித்துக்கொள்கிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. இரண்டு நாசிகளும் எந்நேரமும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. சில மணி நேரம் ஒரு பக்கத்துச் சதை சற்று வீங்கி வழி குறுகுகிறது, மறுபக்கம் தாராளமாகத் திறந்திருக்கிறது. பிறகு முறை மாறுகிறது. ரிச்சர்டு கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இல் இதைப் பதிவு செய்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சின் போக்கைக் கவனித்த நம் சித்தர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. ஓயாத காற்றோட்டத்தில் உலர்ந்துபோன சுவர் மீண்டும் ஈரம் ஊறுவதற்கு ஓய்வு வேண்டும். மூச்சை ஒரு கணமும் நிறுத்தாமல் அந்த ஓய்வைக் கொடுத்திருக்கிறது இந்த ஏற்பாடு.

பாலைவனத்தில் இதே மூக்கு வேறொரு கருணையோடு படைக்கப்பட்டிருக்கிறது. வட அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் வாழும் கங்காரு எலி, வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருக்கக்கூடியது. வெளிவிடும் மூச்சில் உள்ள ஈரத்தை அதன் மூக்கு குளிரவைத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதை ஆராய்ந்த குனூட் ஷ்மிட்-நீல்சன், ஒட்டகத்தின் மூக்கையும் விடவில்லை. தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் இரவில் வெளிவிடும் மூச்சு, ஈரம் முழுவதும் நிறையாத உலர்ந்த மூச்சாக இருப்பதை 1981இல் அவரும் தோழர்களும் அளந்து காட்டினார்கள். அவர் பணியாற்றிய டியூக் பல்கலைக்கழகத்தில் ஒட்டகமும் அவரும் எதிரெதிரே நிற்பதாகச் சிலை வைத்திருக்கிறார்கள். ஓர் அறிஞரும் அவருக்குப் பாடம் சொன்ன விலங்கும் சேர்ந்து நிற்கும் அந்தச் சிலையைச் செய்யத் தோன்றியவர்களை வணங்குகிறேன்.

இவ்வளவு காவல் இருந்தும் கிருமி ஏன் நுழைகிறது? கொரோனா வைரஸின் விட்டம் ஏறத்தாழ 0.1 மைக்ரான். அது காற்றில் தனியாக வருவதில்லை. நாம் பேசும்போதும் பாடும்போதும் வெறுமனே மூச்சு விடும்போதும்கூட வெளிவரும் நுண்ணிய ஈரத்துளிகளில் ஏறி வருகிறது. அவற்றில் மிகச் சிறியவை வெளியே வந்த கணத்தில் நீர் வற்றி, உப்பும் புரதமும் வைரஸும் கலந்த துகளாகிக் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. மூக்கின் வளைவுகளுக்கு அடங்காத அளவு அது. போதாக்குறைக்கு, அந்த வைரஸ் நுண்மயிர்களையே பற்றிக்கொண்டு, அவை தாங்கி நிற்கும் சளி அடுக்கைக் கடந்து கீழே உள்ள செல்லை அடைகிறது என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். காவலரின் கையைப் பிடித்துக்கொண்டே கோட்டைக்குள் வருகிற பகை. படைத்தவன் கொடுத்த காவலுக்கு மனிதன் தன் கையால் ஒரு துணைக்காவல் செய்து நிறுத்த வேண்டியது இங்கேதான்.

அப்படி நிறுத்தியவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் வூ லியன்-தே. 1879இல் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்தில் மர்மநோய் ஒன்று மக்களைக் கொத்துக்கொத்தாக எடுத்துக்கொண்டிருந்தபோது சீன அரசு அவரை அனுப்பியது. வந்திருப்பது நுரையீரலைத் தாக்கும் பிளேக், அது எலியால் பரவவில்லை, மனிதரின் மூச்சால் பரவுகிறது என்று அவர் சொன்னார். அது வைரஸ் அல்ல, பாக்டீரியா; வந்த வழி மட்டும் அதே காற்றுதான். வலைத்துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டும்படி ஒரு கவசம் செய்து எல்லோரையும் அணியச் சொன்னார். அனுபவத்தில் மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்டு மெனி அதை ஏற்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அந்த நோயிலேயே இறந்துபோனார். அந்தக் கொள்ளைநோயில் மாண்டவர்கள் ஏறக்குறைய 60,000 பேர்.

நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாடம் பாதி மறந்திருந்தது. 2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று பொதுமக்களுக்கு அறிவித்தது. லிடியா மொராவ்ஸ்கா, டொனால்டு மில்டன் என்ற இருவர் எழுதி, 239 அறிஞர்கள் ஆதரித்த மடல் அந்த ஜூலையில் வெளிவந்து, காற்றில் மிதக்கும் துகளைக் கணக்கில் எடுங்கள் என்று வற்புறுத்தியது. கணக்கில் எடுக்கும் வரை மெல்லிய துணிக் கவசத்தோடு வார்டுக்குள் போய்வந்த செவிலியர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நல்ல கவசம் கிடைத்தவர்களின் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் அது பதித்த சிவந்த தடங்களைப் படங்களில் பார்த்தோம். அந்தத் தடங்களுக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதைப் படைத்தவன் அறிவான்.

கவசம் எப்படித் தடுக்கிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அதை ஒரு சல்லடையாக நினைத்துக்கொள்கிறோம்: கண்ணைவிடப் பெரியது மேலே நிற்கும், சிறியது கீழே விழும். நல்ல கவசத்தின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வைரஸைவிடப் பல மடங்கு பெரியவை. சல்லடைக் கணக்கில் பார்த்தால் அது ஒன்றையும் தடுக்கக் கூடாது. தடுக்கிறதே, எப்படி?

பெரிய துகளுக்கு மூக்கின் வழிதான். குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இழைகளைச் சுற்றிக் காற்று வளைந்து போகிறது. வளைய முடியாத துகள் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளுக்கு வேறு வழி. 1827இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலார் மகரந்தத்துக்குள் இருக்கும் நுண்துகள்களை நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிருள்ளவை என்று முதலில் எண்ணினார். பிறகு கல்லைப் பொடித்துப் போட்டும் அதே துடிப்பைக் கண்டார். சுற்றியிருக்கும் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் இடித்துத் தள்ளுவதால் வரும் துடிப்பு அது என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு விளக்கினார். காற்றிலும் அப்படியே. துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு தள்ளாட்டம். அந்தத் தள்ளாட்டத்திலேயே எங்காவது ஓர் இழையில் முட்டி நின்றுவிடும். மிகச் சிறியது தப்பிவிடும் என்று நாம் நினைக்க, மிகச் சிறியது எளிதில் அகப்படுகிறது!

தப்புவது இடைப்பட்டது. வளைவில் மோதும் அளவுக்குக் கனமும் இல்லை, தள்ளாடும் அளவுக்கு இலேசும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வடிகட்டிகளை ஆராய்ந்த இர்விங் லாங்மியூர், ஏறத்தாழ 0.3 மைக்ரான் துகள்தான் மிகக் கடினமானது என்று கணித்தார். அந்த அளவை ஒட்டிய துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுத்தால்தான் என்-95 என்ற பெயரே கிடைக்கும். இதில் என்னை மெய்சிலிர்க்க வைப்பது ஒன்று உண்டு. நம் மூச்சுக்குழலிலும் இதே கதைதான். பெரியவை மூக்கில் நிற்கின்றன, மிகமிகச் சிறியவை தள்ளாடிச் சுவர்களில் ஒட்டுகின்றன, அரை மைக்ரானை ஒட்டிய இடைப்பட்டவைதான் ஆழம்வரை போய்வருகின்றன. நெய்தவன் மனிதனானாலும் இறைவனானாலும், காற்றுக்கும் துகளுக்கும் விதித்த விதி ஒன்றே.

இடைப்பட்ட துகளைப் பிடிக்க என்ன செய்யலாம்? இழைகளை நெருக்கமாக அடுக்கலாம், அடுக்கினால் மூச்சு முட்டும். மூச்சு முட்டும் கவசத்தை யாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணியமாட்டார்கள். விடை, தோட்டத்து மூலையில் தொங்கும் சிலந்தி வலையில் இருந்தது.

2013இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் விக்டர் ஓர்த்தேகா-ஹிமெனெஸ், ராபர்ட் டட்லி இருவரும் சிலந்தி வலையின் அருகே மின்னூட்டம் பெற்ற பூச்சிகளை விழவிட்டுப் படம் பிடித்தார்கள். பறக்கும் பூச்சி காற்றில் உரசி மின்னூட்டம் பெறுவது இயல்பு. தேனீ பூவில் அமரும்முன்பே மகரந்தம் அதன்மேல் தாவுவதற்கும் அதுவே காரணம். பூச்சி வலையைத் தொடுவதற்கு முன்னாலேயே வலை அதை நோக்கி வளைந்து எட்டிப் பிடித்தது. அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரிட்ஸ் வோல்ராத்தும் டொனால்டு எட்மண்ட்ஸும் வலையின் பசை இழைகள் பூச்சியை மட்டுமல்ல, காற்றில் மிதக்கும் தூசையும் மகரந்தத்தையும் மின்விசையால் இழுக்கின்றன என்று எழுதினார்கள்.

அதைவிட வியப்பு யூலோபோரஸ் என்ற சிலந்தி. இதற்கு நஞ்சு கிடையாது, பசையும் கிடையாது. அதற்கு ஈடாக ஒரு தொழில்நுட்பம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே நேரத்தில் உடம்பிலிருந்து இழுத்துப் பின்காலில் உள்ள சீப்பால் பரபரவென்று சீவுகிறது. ஒவ்வோர் இழையும் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்குதான் தடிமன். சீவும் வேகத்தில் இழைகளில் மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று தள்ளிப் பொங்கிப் பரவுகின்றன என்று 2015இல் கேத்ரின் குரோனன்பெர்கரும் வோல்ராத்தும் விளக்கினார்கள். உலகின் கவசத் தொழிற்சாலைகளில் நடப்பதும் இதுவேதான்: மெல்லிய இழையை இழு, அதில் மின்னூட்டம் ஏற்று. நாம் அதற்கு பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, சூடான காற்றால் ஊதி இழையாக்குகிறோம். அப்படிச் செய்தும் நம் இழை ஒரு மைக்ரானுக்குக் குறைய மிகவும் அடம்பிடிக்கிறது. சிலந்தி இலைநிழலில் குளிர்ச்சியாக உட்கார்ந்துகொண்டு, தின்ற பூச்சியிலிருந்தே நூலெடுத்து, அதனினும் பல மடங்கு மெல்லியதாக இழைக்கிறது.

மனிதன் சிலந்தியைப் பார்த்துத்தான் இதைச் செய்தான் என்று சொல்லிவிட்டால் அது உண்மையாகாது. தடவித் தடவித்தான் வந்து சேர்ந்தான். 1930களில் டென்மார்க்கின் ஹேன்சன், கம்பளியில் மரப்பிசின் பொடியைக் கலந்து உரசினால் அதில் தங்கும் மின்னூட்டம் தூசைப் பிடித்து வைப்பதைக் கண்டார். ஆட்டின் உரோமமும் மரத்தின் பிசினும் சேர்ந்த அந்த வடிகட்டி உலகப் போரில் நச்சுக்காற்றுக் கவசங்களுக்குள் இருந்தது. அதற்கும் முன்பே ஜப்பானில் எகுச்சி மோட்டோதாரோ, பனை இனத்து மர இலையில் படியும் கார்னாபா மெழுகையும் பிசினையும் உருக்கி, வலிய மின்புலத்தில் வைத்து ஆறவிட்டு, ஆண்டுக்கணக்கில் மின்னூட்டம் மாறாத கட்டிகளைச் செய்திருந்தார். காந்தம் காந்தமாகவே இருப்பதுபோல் மின்னூட்டத்தோடே இருக்கும் அந்தப் பொருள் வகைக்கு எலக்ட்ரெட் என்று பெயர்.

தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய் இந்த வித்தையை 1990களில் மெல்லிய பிளாஸ்டிக் இழை விரிப்புக்குக் கொண்டுவந்தார். உயர் மின்னழுத்தத்தால் காற்றையே மின்னேற்றி, அந்த மின்னூட்டத்தை இழைகளுக்குள் பதித்தார். மூச்சிழுக்கும் சிரமம் கொஞ்சமும் கூடாமல் வடிகட்டும் திறன் பத்து மடங்குக்கு ஏறியது. 1995இல் காப்புரிமை கிடைத்தது. இழை தன் பக்கத்தில் போகும் துகளை எட்டி இழுக்கிறது. அது வளையவும் வேண்டாம், தள்ளாடவும் வேண்டாம், பக்கத்தில் வந்தால் போதும். 2020இல் கவசத் தட்டுப்பாடு வந்தபோது பணி ஓய்வில் இருந்த அந்தப் பெரியவர் தன் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, பயன்படுத்திய கவசத்தை மின்னூட்டம் போகாமல் எப்படித் தூய்மை செய்வது என்று சோதித்துப் பார்த்தார். 70 டிகிரி உலர் சூடு கெடுக்காது என்று சொன்னார். ஆல்கஹாலும் சோப்புத் தண்ணீரும் மின்னூட்டத்தை அழித்துவிடும். கவசத்தைத் துவைத்து வெயிலில் காயப்போட்ட வீடுகள் நம்மிடையே எத்தனையோ. பார்வைக்கு அதே கவசம்தான், உள்ளிருந்த விசை போயிருக்கும்.

இங்கேதான் மனிதன் செய்ததன் எல்லை தெரிகிறது. மூக்கு பத்திருபது நிமிடத்துக்கொருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, பக்கம் மாற்றி ஓய்வெடுக்கிறது. நம் கவசம் பிடித்ததைப் பிடித்தபடியே வைத்திருக்கிறது. எண்ணெய்ப் புகை படிந்தால் விசை தளர்கிறது. பிறகு குப்பைக்குப் போகிறது, போனபின்பும் மக்குவதில்லை. இதனால்தான் சிலர் இழையை விட்டு மீண்டும் மூக்கையே பார்க்கத் தொடங்கினார்கள். கார்னெல், இல்லினாய், தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழு ஒன்று, பன்றி, ஓப்போசம் போன்ற விலங்குகளின் மூக்குக்குள் உள்ள வளைவுகள் மனிதனுடையதைவிடச் சிக்கலானவை என்பதைக் கவனித்தது. மண்ணை முகர்ந்து முகர்ந்தே இரை தேடும் விலங்குக்குத் தூசு அதிகம், வளைவுகளும் அதிகம். அந்த வளைவுகளைப் பின்பற்றிய வடிகட்டி, மூச்சைத் திணறவைக்காமலே துகள்களைப் பிடிப்பதை அவர்கள் 2022இல் வெளியிட்டார்கள். சேற்றில் மூக்கை நுழைக்கும் பன்றியை நாம் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம்! மருத்துவமனைகளுக்கு வழிகாட்டும் தகுதி அந்த மூக்குக்கு இருந்திருக்கிறது.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் திபாகர் பட்டாச்சார்யாவின் குழு பிடித்தபின் என்ன செய்வது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த சப்டிலைசின் என்ற நொதியைக் கவசப் படலத்தின் மேல் நிலையாக ஒட்டவைத்தார்கள். கொரோனா வைரஸ் நம் செல்லைப் பற்றுவதற்கு வைத்திருக்கும் முள் போன்ற புரதத்தை அந்த நொதி வெட்டிவிடுகிறது. முள் இழந்த வைரஸால் தொற்ற முடியாது. இதுவும் 2022இல் வெளிவந்தது. பிடிப்பதோடு நில்லாமல் பிடித்ததன் வலிமையை அழிக்கும் சுவர் மூக்கில் எப்போதும் இருந்ததுதான். நாம் இப்போதுதான் வந்து சேர்கிறோம்.

கவசம் மூக்குக்கு வேறொரு வழியிலும் துணை நிற்கிறது. அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வறண்ட காற்றில் எலிகளின் மூச்சுக்குழல் நுண்மயிர்கள் சரிவரச் சளியைத் தள்ளவில்லை, ஃபுளூ வைரஸ் அவற்றைக் கடுமையாகத் தாக்கியது என்று யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு 2019இல் கண்டது. ஈரம் குறைந்தால் காவலும் குறைகிறது. 2021இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஏட் பாக்ஸும் ஜோசப் கோர்ட்னியும், கவசம் அணிந்தவர் உள்ளிழுக்கும் காற்றில் ஈரம் நன்றாகக் கூடுவதை அளந்து பார்த்தார்கள். வெளிவிட்ட மூச்சின் ஈரத்தைக் கவசம் தேக்கி, அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தருகிறது. கங்காரு எலி தன் மூக்கில் செய்வதற்கு வெகு தொலைவில் இல்லை இது. நுண்மயிர்கள் தளராமல் வீச இந்த ஈரம் உதவக்கூடும் என்பது அவர்களின் கருத்து. நோய் வராமல் போகாவிட்டாலும் வந்த நோய் கடுமை குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று எழுதினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீராமல் நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. கவசத்தின் ஓரம். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். கன்னத்துக்கும் கவசத்துக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும் அதன் வழியே நுழைந்துவிடும். வடிகட்டும் இழை எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன? மூக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அது முகத்தோடு முளைத்தது. ஒருவர் முகம்போல் இன்னொருவர் முகம் இல்லாதபடி கோடிக்கணக்கில் படைத்திருக்கிறான், ஒவ்வொரு முகத்திலும் மூக்கு பிசகில்லாமல் பொருந்தியிருக்கிறது. நாம் இரண்டு மூன்று அளவுகளில் கவசம் செய்து எல்லா முகத்துக்கும் பொருத்தப் பார்க்கிறோம். பொருந்தியிருக்கிறதா என்று சோதிக்க மருத்துவமனைகளில் தலையைச் சுற்றி உறை மாட்டி, உள்ளே சாக்கரின் கலந்த நீரைத் தெளிப்பார்கள். கவசம் அணிந்தவருக்கு நாக்கில் இனிப்புத் தட்டினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். உலகின் விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவே, அந்தச் சோதனைக்கு இன்றும் பல இடங்களில் நாக்கைத்தான் நம்புகிறார்கள்.

தாடி உள்ளவர்களுக்கு ஓரம் பொருந்தாது. ஆகவே மழித்துவிட்டு வாருங்கள் என்று பிரிட்டன் மருத்துவமனைகளில் 2020இல் சொன்னார்கள். படைத்தவன் கொடுத்த முடியை வெட்டாமல் காப்பதை நோன்பாகக் கொண்ட சீக்கிய மருத்துவர்களுக்கு அது தீராத வேதனையாயிற்று. சிலர் நோயாளிகளைப் பார்க்கும் பணியிலிருந்தே விலக்கிவைக்கப்பட்டார்கள். அவர்களிடையேயிருந்தே ஒரு வழி பிறந்தது. சீக்கியர்கள் தாடியைப் படிய வைப்பதற்குத் துணியால் கட்டும் வழக்கத்துக்குத் தாட்டா என்று பெயர். துணிக்குப் பதிலாக இழுபடும் ரப்பர் பட்டையை எடுத்து, தாடி முழுவதையும் மூடி முகவாயோடு இறுக்கி உச்சந்தலையில் முடிந்து, அதன்மேல் கவசத்தை அணிந்தார்கள். பட்டையின் வழவழப்பான பரப்பில் கவசத்தின் ஓரம் சீராகப் படிந்தது. சோதனைக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தேறினார்கள். சிங் தாட்டா முறை என்ற பெயரில் அது 2021இல் மருத்துவ இதழில் வந்தது. தாடி வைத்த மருத்துவர்கள் வார்டுக்குத் திரும்பினார்கள்.